வெளிநாட்டுப் படிப்புக்கு யாரிடம் கேட்பது: ஏஜென்சியா, தூதரகப் பக்கமா, விரிவுரையாளரா, சுவிஸ் மாமாவா?

உயர்தரப் பெறுபேறு வந்தால் அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டுப் படலைக்கு ஓய்வில்லை. முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு வெளிநாடும் தெரிந்திருக்கும் என்று ஊர் நினைக்கிறது. கல்லடியிலிருந்து வருவார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து வருவார்கள். போன வருடம் சாய்ந்தமருதிலிருந்து ஒரு வாப்பாவும் மகளும் மோட்டார் சைக்கிளிலேயே வந்திறங்கினார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “சேர், எந்த ஏஜென்சி நல்லம்?”

இதற்கு நான் நேரே பதில் சொல்வதில்லை. ஏஜென்சிதான் ஒரே வாசல் என்று முடிவு கட்டிக்கொண்டு கேட்கிற கேள்வி அது. மட்டக்களப்பு, அம்பாறை என்ற இந்த இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிற ஒரு பிள்ளைக்கு, வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி வழி சொல்லக்கூடியவர்கள் நாலு வகை. பட்டினத்து ஏஜென்சி, அந்தந்த நாட்டு அரசுகளின் ஆலோசகர்கள், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் இருக்கிற விரிவுரையாளர்கள், வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர். யார் நல்லவர் என்று பார்ப்பதைவிட, யாரிடம் எதைக் கேட்பது என்று பார்த்தால் வேலை லேசாகும்.

## எதை வைத்து நிறுப்பது

ஐந்து படிக்கற்கள் வைத்திருக்கிறேன்.

முதலாவதுதான் எல்லாவற்றிலும் பாரமானது: இவருக்குப் படியளப்பது யார்? சம்பளம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஆலோசனையும் கொஞ்சம் சரியும். கெட்ட எண்ணம் என்று சொல்லவில்லை, தண்ணீர் பள்ளத்தைப் பார்ப்பதுபோல. 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் வந்திறங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கியபோதும் அவருக்குப் படியளந்தது இங்கிலாந்தின் மெதடிஸ்தர்கள்தான். அவர் கொண்டுவந்த படிப்பை நம்மவர்கள் எடுத்துக்கொண்டார்கள், வேதத்தைச் சிலர் எடுத்தார்கள், பலர் விட்டார்கள். அந்தக் கெட்டித்தனம் இன்றைக்கும் வேண்டும்.

இரண்டாவது, இவர் கண்ணுக்கு எவ்வளவு உலகம் தெரிகிறது: ஒரு நாடா, பத்துக் கல்லூரியா, தான் படித்த ஒரே ஊரா. மூன்றாவது, கடதாசி வேலையை யார் செய்கிறார். ஏனென்றால் யார் நிரப்பினாலும் கையெழுத்துப் பிள்ளையுடையது. சட்டம் பிள்ளையைத்தான் பிடிக்கும். நாலாவது, இங்கிருந்து அவரிடம் போய்வரும் செலவும் நேரமும். ஐந்தாவது, விசா மறுத்த மறுநாள் இவர் ஃபோனைத் தூக்குவாரா.

## ஏஜென்சி

கண்ணாடிக் கதவு, ஏசி, மேசையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கொடிகள், சுவரில் விசா கிடைத்த பிள்ளைகளின் படங்கள். ‘ஆலோசனை இலவசம்’ என்று போர்டு. அதில் பொய்யில்லை. உங்களிடம் வாங்காததைப் பல்கலைக்கழகத்திடம் வாங்குகிறார்கள். பிள்ளை போய்ச் சேர்ந்து கட்டணம் கட்டியதும் அதில் ஒரு பங்கு ஏஜென்சிக்கு வரும். முதல் வருடக் கட்டணத்தில் பத்து முதல் இருபது வீதம் என்பது இந்தத் தொழிலில் சாதாரணமாகப் புழங்கும் அளவு. அமெரிக்காவில், அரச உதவிப் பணம் பெறும் கல்லூரிகள் உள்நாட்டுப் பிள்ளைகளைத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுத்துச் சேர்க்கச் சட்டம் விடாது. வெளிநாட்டில் இருக்கிற வெளிநாட்டு மாணவருக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் விலக்கு. நம் பிள்ளைகள் அந்த விலக்குக்குள்தான் வருகிறார்கள்.

ஆகவே, கமிஷன் தராத கதவை ஏஜென்சி காட்டாது. ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் போன்ற விதிவிலக்குகள் உண்டு. அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருகிறவர்கள் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். கட்டணமே இல்லாத இடத்தில் கட்டணத்தின் பங்கு எங்கிருந்து வரும்? முழுப் புலமைப்பரிசில்களும் அப்படித்தான். மீன் விற்கிறவர் பக்கத்துக் கூடையைப் புகழமாட்டார்.

இன்னொன்று, நீங்கள் உட்கார்ந்திருக்கிற மேசை கடைசி மேசையாக இருக்காது. ஊரில் இருக்கிறவர் ஃபைலைக் கொழும்பில் ஒருவருக்கு அனுப்புவார், அவர் இன்னொரு பெரிய முகவருக்கு. பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் வைத்திருப்பவர் அந்தக் கடைசி ஆள். நடுவில் ஒரு மின்னஞ்சல் ஒரு கிழமை தூங்கினால், அந்தத் தவணைக்கான சேர்க்கை, அதுதான் இன்டேக், போய்விடும்.

என் தங்கச்சியின் மகன் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2022, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் கிடந்த வருடம். எப்படியாவது போய்விட வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரு வேகம். உயர்தரத்தில் கணிதம் படித்த பிள்ளையை ஒரு ஏஜென்சியில் பிஸ்னஸ் படிப்புக்கு இங்கிலாந்துக்கு ஃபைல் போட்டார்கள். ஏன் பிஸ்னஸ் என்று கேட்டேன். “அதுக்குத்தான் ஓபர் லெட்டர் கெதியா வரும் மாமா” என்றான். ஃபைல் சார்ஜ் 60,000 ரூபாய், திருப்பித் தரப்படாது. மறுகா ஷோ மணி. இங்கிலாந்து கேட்கிற தொகை பிள்ளையின் அல்லது பெற்றோரின் கணக்கில் தொடர்ந்து 28 நாள் கிடக்க வேண்டும். அந்தத் தொகையை வட்டிக்கு வைத்துத் தர ஆளும் ஏஜென்சியே பிடித்துக் கொடுத்தது.

ஏன் அங்கே படிக்க விரும்புகிறேன் என்று எழுதும் எஸ்ஓபியையும் அவர்களே எழுதினார்கள். நான் அதைப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. மூன்றாம் பந்தியில், ‘என் தந்தையின் ஹார்ட்வெயார் வியாபாரத்தை நவீனப்படுத்த’ என்று இருந்தது. மச்சானுக்கு ஹார்ட்வெயார் கடை கிடையாது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்கிற மனிதர். வேறு யாருடைய கடிதத்திலோ பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வீடியோ நேர்காணலில் அதிகாரி, “அப்பாவுக்கு என்ன தொழில்?” என்று கேட்டார். பிள்ளை உண்மையைச் சொன்னான். விசா ரிஜெக்ட். ஒரு போகத்து நெல்லுக் காசு வட்டியிலும் சார்ஜிலும் போயிற்று. ஏஜென்சி சொன்னது: “அடுத்த இன்டேக்குக்கு அயர்லாந்து ட்ரை பண்ணுவம்.”

அவனுக்கு நல்ல காலம், மறுப்போடு நின்றது. பொய்யான ஆவணம், பொய்யான தகவல் என்று தீர்மானித்தால் பிரித்தானியா பத்து வருடம், கனடா ஐந்து வருடம், அவுஸ்திரேலியா மூன்று வருடம் கதவைச் சாத்தலாம். 2023இல் கனடாவில் ஒரு விவகாரம் வெடித்தது. இந்தியாவிலிருந்து போன நூற்றுக்கணக்கான மாணவர்களின் கல்லூரி அனுமதிக் கடிதங்கள் போலி என்று சந்தேகம் எழுந்தது. படித்து முடித்து நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. கடிதம் செய்தவர் முகவர், நாடுகடத்தல் கடிதம் போனது பிள்ளைகளுக்கு. அந்த வருட டிசம்பரிலிருந்து, கடிதத்தைக் கல்லூரி உறுதிப்படுத்திய பிறகே கனடா விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கிறது.

இவ்வளவும் சொன்னதால் ஏஜென்சிப் பக்கமே போகாதே என்று அர்த்தமில்லை. நாடும் படிப்பும் நீங்களே முடிவெடுத்துவிட்டீர்கள், காசு கையில் உண்மையாகவே இருக்கிறது, ஆங்கிலப் படிவங்களோடு மல்லுக்கட்ட வீட்டில் ஆளில்லை என்றால், ஏஜென்சிதான் சரி. எந்தக் கடதாசி எந்தத் திகதிக்குள் என்று அவர்களுக்கு மனப்பாடம். கமிஷனுக்காகப் பல்கலைக்கழகம் உங்களிடம் தனியாகக் கூட்டி வாங்குவதும் இல்லை. நேர்மையாக நடத்துகிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

ஆனால் உள்ளே போகுமுன் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். அவுஸ்திரேலியக் கல்வி நிறுவனங்கள் தங்கள் முகவர்களின் பெயர்களை இணையத்தளத்தில் போட வேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே ஏஜென்சியின் சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஏஜென்சியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்தானியாவில் மாணவர் விசாவுக்கு உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அரச தளத்தில் கிடக்கிறது, கனடாவிலும் அப்படியே. சிலர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டுவார்கள். அது ஆட்களை வேலைக்கு அனுப்புவதற்கு. படிப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கட்டணத்தை வங்கியூடாகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே அனுப்புங்கள், ஏஜென்சிக் கணக்குக்கு வேண்டாம்.

வைத்தியம் படிக்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ரஷ்யா, சீனா, பங்களாதேஷ் என்று எது சொன்னாலும், முதலில் இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்த பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா, உயர்தரத்தில் அவர்கள் கேட்கிற தகைமை பிள்ளைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பட்டத்தோடு திரும்பினாலும், இங்கே பதிவு செய்ய, வெளிநாட்டில் வைத்தியம் படித்தவர்களுக்கான ஈஆர்பிஎம் பரீட்சை எழுத வேண்டும். ஆறு வருடமும் ஒரு வளவு விற்ற காசும் போன பிறகு இதைக் கண்டுபிடித்த குடும்பங்கள் உண்டு.

## தூதரகப் பக்கம்

ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாத வாசல் இதுதான். கொழும்பில், அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் புலமைப்பரிசிலை நடத்தும் ஃபுல்பிரைட் ஆணைக்குழு 1952 முதல் இருக்கிறது. அமெரிக்க அரசின் எடியுகேஷன் யூஎஸ்ஏ ஆலோசனை நிலையம் அங்கேதான் இயங்குகிறது. கமிஷன் வாங்குவதில்லை. எந்தக் கல்லூரி கடன்படாமல் படிக்க விடும், எது பெயருக்கு மட்டும் உதவித்தொகை தரும் என்று நேராகச் சொல்வார்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள், வெளிநாட்டுப் பிள்ளையிடமும் காசு இருக்கிறதா என்று பார்க்காமலே அனுமதியை முடிவுசெய்து, எடுத்தால் தேவையான முழு உதவியையும் தருகின்றன. உள்ளே போவது யானையை ஊசிக் காதில் நுழைக்கிற வேலைதான். ஆனால் வந்தாறுமூலைப் பிள்ளைக்கும் அந்தக் கதவு இருக்கிறது என்று எந்த ஏஜென்சியும் எனக்குத் தெரியச் சொன்னதில்லை.

இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக நேரு நினைவு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி என்ற பெயர்களில் இலங்கையருக்குப் புலமைப்பரிசில்கள் வருகின்றன. மூன்றும் மூன்று வகை, எதற்கு எந்தப் பாடம் என்று அறிவித்தலை வாசித்தே விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட், ஜேர்மனியின் டாட், பிரித்தானியாவின் செவெனிங் என்ற புலமைப்பரிசில்களும் உண்டு. செவெனிங் 1983இல் தொடங்கியது. முதுமாணிக்கு, அதுவும் ஏறத்தாழ இரண்டு வருட வேலை அனுபவம், கணக்காகச் சொன்னால் 2,800 மணித்தியாலம் காட்டக்கூடியவர்களுக்கு. முடித்த பிறகு இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஃபுல்பிரைட்டில் போகிறவர்களும் இரண்டு வருடம் ஊரில் இருந்த பிறகே அமெரிக்காவில் குடியேற விண்ணப்பிக்கலாம்.

இந்த நிபந்தனையைக் கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கும். எனக்கு அது நிபந்தனையாகவே படவில்லை.

சரி, இவர்களுக்குப் படியளப்பது யார்? அந்த நாட்டு அரசு. தங்கள் நாட்டுக்கு நாளைக்கு நல்ல வார்த்தை சொல்லக்கூடிய ஆட்களைத் தேடுகிறார்கள். ஃபுல்பிரைட் திட்டம் 1946இல், உலகப் போர் முடிந்த கையோடு தொடங்கியதும் அந்த நினைப்பில்தான். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. உங்கள் பக்கமும் அவர்கள் பக்கமும் ஓரளவு ஒன்றாகவே சரிகின்றன. ஆனால் அமெரிக்க ஆலோசகரிடம் போய் “ஜப்பான் நல்லமா?” என்று கேட்க முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு.

2015இல் ஐ.நா. நிறைவேற்றிய நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 4.7 என்பது உலகக் குடிமைக் கல்வியைப் பேசுகிறது. அப்போதிருந்து ‘உலகக் குடிமகன் ஆகுங்கள்’ என்று ஹோட்டல் செமினார் பேனர்களிலும் போடத் தொடங்கிவிட்டார்கள். குடிமகன் என்ற சொல்லுக்கு நம் ஊரில் வேறு அர்த்தம் இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏதாவது பொருள் இருக்குமானால், அது இந்த வாசலில்தான் கொஞ்சம் தட்டுப்படுகிறது. “நீ ஏன் போகிறாய், போய்ப் படித்ததை எங்கே கொண்டுபோய் வைப்பாய்?” என்று விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள்.

மறைந்த செலவு நேரம். ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். பெறுபேறு வந்து, விம்மி அழுது, அடுத்த மாதம் யோசித்தால் அந்த வருடம் போய்விட்டது. படிவத்தை அவர்கள் நிரப்பித் தரமாட்டார்கள், கட்டுரையை எழுதித் தரமாட்டார்கள், வாசித்து ஆலோசனை சொல்வார்கள். இலவசம் என்பது ஆலோசனை மட்டும்தான். அமெரிக்க மாணவர் விசாவுக்கு செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டொலர், விசா விண்ணப்பம் 185 டொலர், பரீட்சைகளுக்கு வேறு. இரவு பஸ் ஏறி விடியக் கொழும்பில் இறங்குகிற அலைச்சல் முன்புபோல் இல்லை, நிறைய விஷயம் இப்போது இணையவழியில் நடக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் பேசப் பயந்தே இந்த வாசலைத் தட்டாமல் விடுகிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

கெட்டிக்காரப் பிள்ளை, கையில் காசில்லை, ஒரு வருடம் பொறுக்கலாம் என்றால் இதைவிட நல்ல வாசல் இல்லை. சுமாரான பெறுபேறு, செப்டெம்பரில் ஏற வேண்டும் என்றால் இங்கே நேரத்தை வீணாக்காதீர்கள்.

## விரிவுரையாளர்

கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் தருவது நம் அரசு. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அவர்களுக்கு ஒரு சதம் கூடாது, குறையாது. முதலாவது படிக்கல்லில் இவர்களைப்போல் நேராக நிற்பவர் வேறில்லை. அதே காரணத்தால், உங்கள் ஃபோனை எடுக்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

பட்டப்பின் படிப்பென்றால் முதல் வாசல் இதுதான். மெக்ஸ்ட் ஆய்வு மாணவர் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று தூதரகப் பரிந்துரை, மற்றது ஜப்பானியப் பல்கலைக்கழகமே நேரே பரிந்துரைப்பது. இரண்டாவது வழியில் எந்தப் பேராசிரியருக்கு எழுதுவது, எப்படி எழுதுவது, அவர் யாரை எடுப்பார் என்பது அங்கே படித்து வந்தவருக்குத்தான் தெரியும். எந்த ஏஜென்சியின் சுவரிலும் அது எழுதியிருக்காது. பரிந்துரைக் கடிதமும் இவர் கையில். உங்களை வகுப்பில் கண்டவர் எழுதுகிற நாலு வரியும் காணாதவர் எழுதுகிற நாலு பக்கமும் ஒன்றில்லை.

“இப்ப போகாதே, இங்கே பட்டத்தை முடிச்சிட்டுப் போ” என்று சொல்லக்கூடிய ஒரே ஆலோசகரும் இவர்தான். மற்றவர்கள் வாயில் அந்த வசனம் வராது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பரீட்சையை இலங்கையிலிருந்தே எழுதித் தேறியவர். கப்பலேறிப் படிக்காதவர்தான் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

குறை என்னவென்றால் அவர் போன காலம் வேறு, இப்போதைய காலம் வேறு. 2010இல் போனவருக்கு, பிரித்தானியா 2024 ஜனவரியிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகாத மாணவர் குடும்பத்தைக் கூட்டிப்போக விடுவதில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. படிப்பைப் பற்றி அவரிடம் கேளுங்கள். விசாவை அந்தந்த அரசின் தளத்தில் பாருங்கள்.

இங்கே மறைந்த செலவு வெட்கம்தான். “சேர் என்ன நினைப்பாரோ” என்று மூன்று மாதம் தள்ளிப்போடுவார்கள். நான் சொல்வது: ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். என்ன படித்தேன், என்ன படிக்க விருப்பம், கையில் எவ்வளவு காசு. வெறுங்கையோடு போய் “ஏதாவது சொல்லுங்க சேர்” என்றால் அவரும் ஏதாவதுதான் சொல்வார்.

## சுவிஸ் மாமா

சுவிஸோ லண்டனோ டொரொண்டோவோ. இவருக்குப் படியளப்பது பாசமும் மானமும். “என்ர மருமகன் வந்து நிற்கிறான்” என்று சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. அதனாலேயே கஷ்டத்தை மறைத்துச் சொல்லுவார், அல்லது தான் பட்ட கஷ்டத்தால் எல்லாவற்றையும் கறுப்பாகச் சொல்லுவார்.

பெரிய சிக்கல், மாமா போன வழி வேறு. யுத்த காலத்தில் அகதியாகப் போய் வழக்காடி வதிவிடம் எடுத்தவர் அவர். மாணவர் விசாச் சட்டத்தை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. “வா, வேலை செய்து பீஸ் கட்டலாம்” என்பார். படிப்புக் காலத்தில் பிரித்தானியாவில் பட்டப் படிப்பு மாணவர் கிழமைக்கு 20 மணித்தியாலம், கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24, அவுஸ்திரேலியாவில் இரண்டு கிழமைக்கு 48. அதற்கு மேல் வேலை செய்தால் விசாவே போகும். அந்த மணித்தியாலத்தில் சாப்பாடும் அறை வாடகையும் கட்டலாம். வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட முடியாது.

“காசை நான் காட்டுறன்” என்பதும் எல்லா நாட்டிலும் செல்லாது. பிரித்தானியா பிள்ளையின், பெற்றோரின், துணையின் கணக்கைத்தான் பார்க்கும். மாமாவின் கணக்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் பயனில்லை. அவர் உதவுவதென்றால் நேரகாலத்தோடு அம்மா அப்பா கணக்குக்கு அனுப்பி, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய மாதிரி வைத்திருக்க வேண்டும்.

ஆனால் விசா கிடைத்த மறுநாளிலிருந்து இவரைப்போல் ஆள் இல்லை. எந்தப் பகுதியில் அறை எடுக்கலாம், குளிர்கோட்டை எங்கே மலிவாக வாங்கலாம், அந்தக் கல்லூரி நிஜமாகவே இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்து படம் எடுத்து அனுப்புவது. இந்தக் கடைசி வேலைக்காகவே ஒரு மாமா வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | ஏஜென்சி | தூதரகப் பக்கம் | விரிவுரையாளர் | சொந்தக்காரர் |
|---|---|---|---|---|
| படியளப்பவர் | பல்கலைக்கழகத்தின் கமிஷன் | அந்த நாட்டு அரசு | நம் அரசு | பாசம், மானம் |
| தெரிந்த உலகம் | ஒப்பந்தம் உள்ள கல்லூரிகள் | ஒரு நாடு, முழுமையாக | தன் துறை, தான் படித்த இடம் | தன் நகரம் |
| கடதாசி வேலை | முழுக்கச் செய்வார் | வழி மட்டும் | பரிந்துரைக் கடிதம் | பெரிதாக இல்லை |
| மறைந்த செலவு | ஃபைல் சார்ஜ், வட்டி, பிறர் எழுதிய எஸ்ஓபி | ஒரு வருடக் காத்திருப்பு | பழைய தகவல், உங்கள் வெட்கம் | பட்ட கடனுக்குத் தவணை இல்லை |
| விசா மறுத்தால் | அடுத்த நாட்டுக்கு ஃபைல் | ஏன் என்று விளக்கம் | ஆறுதல், வேறு திட்டம் | குடும்பத்துக்குள் பேச்சு |

## பிள்ளையைப் பொறுத்து

உயர்தரத்தில் நல்ல பெறுபேறு, வீட்டில் வசதியில்லை: தூதரகப் பக்கம். காத்திருக்கிற வருடத்தில் ஆங்கிலத்தைத் தேற்றலாம்.

இங்கே பட்டம் முடித்துவிட்டவர்: விரிவுரையாளர், பிறகு தூதரகம். ஏஜென்சி தேவையே இல்லை. முதுமாணிக்கும் கலாநிதிக்கும் நேரே விண்ணப்பிக்க முடியாத இடம் அபூர்வம்.

இங்கே பல்கலைக்கழகம் போக இசட் ஸ்கோர் காணாது, அப்பாவிடம் காசு இருக்கிறது, பிள்ளைக்கு என்ன படிப்பது என்பதில் தெளிவு இருக்கிறது: ஏஜென்சி. எஸ்ஓபியைப் பிள்ளையே எழுத வேண்டும். பிழை ஆங்கிலமாக இருந்தாலும் பரவாயில்லை, யாராவது திருத்தலாம். அப்பாவின் தொழில் மட்டும் சரியாக இருக்கட்டும்.

காசும் இல்லை, என்ன படிப்பது என்றும் தெரியாது, ஆனால் போக வேண்டும் என்கிறவருக்கு நாலு பேரும் வேண்டாம். அவர் தேடுவது வேலை. அதை வேலைக்கான சட்டபூர்வ வழியில் தேடட்டும். மாணவர் விசாவைக் கள்ளத் தோணியாக்கினால், கவிழும்போது நடு ஆற்றில்.

என் மருமகன் கடைசியில் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். இங்கேயே ஒரு டிப்ளோமாவில் சேர்ந்தான், மாலையில் வயலுக்கும் போகிறான். விரிவுரையாளர் ஒருவர் அவனுக்கு ஜேர்மன் படிக்கச் சொல்லியிருக்கிறார். வரம்பில் நின்று ஃபோனைப் பார்த்து ‘டெர், டீ, டாஸ்’ என்று சொல்லிக்கொண்டிருப்பான். தங்கச்சிக்கு அவனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயம்.

சாய்ந்தமருதிலிருந்து வந்த வாப்பாவுக்கும் இவ்வளவையும் சொன்னேன். மகள் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். விஞ்ஞானப் பிரிவு, மூன்று பாடத்திலும் நல்ல பெறுபேறு. செவெனிங்கையும் ஃபுல்பிரைட்டையும் பற்றிச் சொன்னபோது, அது உனக்கு இப்போது இல்லை, பட்டம் முடித்த பிறகு என்றேன். அதையும் எழுதினாள். வாப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேநீரை முடித்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப சேர், உங்களுக்குப் படியளக்கிறது யாரு?”

சிரித்தேன். பென்ஷன்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கேட்டது நியாயமான கேள்விதான் என்று எனக்கும் பட்டது.

“என்ர மகன் கனடாவில படிக்கப் போய்ப் பதினாலு வருஷம்,” என்றேன். “வரேல்ல. அதால திரும்பி வரக்கூடிய வழிகளைத்தான் நான் முதல்ல சொல்லுவன். அதைக் கழிச்சுக்கொண்டு கேளுங்க.”

மகள் கொப்பியைப் புரட்டி, முதல் பக்கத்தில் என் பெயருக்கு நேரே ஏதோ குறித்துக்கொண்டாள். வாப்பா ஹெல்மெட்டை எடுத்தார்.